கண்ணால் கண்ட சாட்சி

போடி
12.1.1976

என் கண்ணான தங்கச்சி கிருபாவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்பது நீ எழுதினால்தானே எனக்குத் தெரியும்? கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு டாக்டரம்மா எங்கே என்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை என்று உனக்காகப் பொய் சொன்னேன்.

நீ கேட்ட வெள்ளைப் பட்டு நூல் பார்சலில் வருகிறது. கடையில் இருந்ததிலேயே மெல்லிசு அதுதான். செத்த ஆட்டின் கண்ணைத் தைத்துப் பழகுகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்று எனக்குக் குழம்பு இறங்கவில்லை.

ஒரு சேதி. சங்கரலிங்கத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. மகன் தங்கபாண்டி தோளைப் பிடித்துக்கொண்டுதான் பஜாரில் நடக்கிறான். முந்தாநாள் நம் கடை வாசலிலேயே தடுக்கி விழுந்தான். நான் எழுந்து வந்து, அவன் தட்டுத் தடுமாறி நிமிரும்வரை நன்றாகப் பார்த்தேன்.

வழக்கு நடந்தபோது உனக்குப் பத்து வயது. உன்னை வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் நானும்தான் போனோம். அவன் ஏலக்காய் மூட்டை அடுக்கிவைத்திருந்த கிட்டங்கி எரிந்து அதன் காவல்காரர் உள்ளே செத்துப்போன ராத்திரி, தீ எழும்பும் முன்னால் அப்பா மண்ணெண்ணெய் டின்னோடு உள்ளே போனதை எதிர் மாடியிலிருந்து பார்த்ததாகக் கூண்டில் ஏறிச் சொன்னான். "இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று விரலால் தொட்டுக் காட்டினான். அந்தக் கண்தான் இப்போது வெளுத்துக் கிடக்கிறது. அப்பா ஜெயிலில் செத்தார்கள், அந்த ஏக்கத்தில் அம்மா போனார்கள். மன்னித்துவிடு என்று போதகர் ஐயர் வருஷா வருஷம் சொல்கிறார். நான் கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சுகிர்தம்


மதுரை
3.2.1976

அன்பான அக்காவுக்கு,

நூல் கிடைத்தது. இங்கே எல்லோரும் கேட்டு வாங்கி ஆளுக்குக் கொஞ்சமாக அறுத்துக்கொண்டார்கள். நான் வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு நாள் கத்தி பிடிக்காவிட்டால் விரல் மறந்துவிடுகிறது.

கசாப்புக் கடையில் ஆட்டுக் கண் வாங்கி வந்து, தேங்காய்ச் சிரட்டையில் பஞ்சு திணித்து அதில் பதித்துவைத்து அறுப்போம். கருவிழி ஓரமாகத் திறந்து, உள்ளே மொச்சைப் பருப்பு அளவில் இருக்கும் வில்லையை மேல் சவ்வு கிழியாமல் இழுத்து எடுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் வெளியே பிதுங்கிவிடும். அப்புறம் அந்தக் கண் கண்ணில்லை. ஆடு செத்தது, வலிக்காது. ஆனால் பிதுங்கும்போதெல்லாம் வாய்க்குள் அதனிடம் மன்னிப்புக் கேட்பேன்.

போன வாரம் முதல்முதலாக ஒரு அம்மாளுக்குத் தனியாகச் செய்தேன். உசிலம்பட்டிப் பக்கம். பேர் மூக்கம்மாள். கட்டுப் பிரித்ததும் என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் இவ்வளவு சின்னப் பிள்ளையா என்று பயந்துபோனது.

சங்கரலிங்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னிடம் மறைக்கவில்லை. எத்தனையோ ஆட்டுக் கண்ணை அவன் கண் என்று நினைத்து அறுத்திருக்கிறேன். அப்போது மட்டும் மன்னிப்புக் கேட்பதில்லை.

மார்ச்சில் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம். என்னையும் அனுப்புகிறார்கள். முடிந்தால் ஒரு பொழுது போடிக்கு வந்துவிட்டுப் போவேன்.

உன் பிரியமுள்ள,
கிருபாவதி


போடி
16.2.1976

கிருபா,

முகாமுக்கு இங்கேயிருந்து பெயர் கொடுத்தவர்களில் சங்கரலிங்கமும் ஒருவன். தங்கபாண்டி பஜாரில் சொல்லிக்கொண்டு போனான், என் காதுபடவே சொன்னான். கத்தி பிடிப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆண்டவர் அவனை உன் கைக்கு அனுப்புகிறார். நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுத வேண்டியதில்லை. போன கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். கொஞ்சம் கூடுதலாக ஒரு அழுத்தம். பழகுகிற பிள்ளை, கை தவறிவிட்டது என்பார்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

உன்னைப் படிக்க வைப்பதற்காக நான் கல்யாணம் வேண்டாம் என்றேன் என்று ஊர் சொல்கிறது. அது பாதிதான். ஜெயிலுக்குப் போனவன் மகளை எவனும் கேட்டு வரவில்லை. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

சுகிர்தம்


மதுரை
20.4.1976

அக்கா,

முகாம் முடிந்து இத்தனை நாள் எழுதாததற்குக் கொதித்துப்போயிருப்பாய். அவனுக்கு வெளிச்சம் தெரிகிறது என்பது உன் காதுக்கு வந்திருக்கும். செய்தது நான்தான். இன்னொரு டாக்டர் மேசைக்குப் போக இருந்தவனை நானே கேட்டு என் மேசைக்கு வாங்கிக்கொண்டேன். உன் கடிதம் என் பைக்குள் இருந்தது.

தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். முகத்தை மூடித் துணி, அன்றைக்குச் செய்யும் ஒரு கண் மட்டும் வெளியே. மரப்பு ஊசிதான், காது கேட்கும், பேச்சும் வரும். "நல்லா இருப்ப தாயி" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன். கத்தி உள்ளே போனது. அந்த நேரம் ஒரு அழுத்தம் போதும், நீ கேட்டது நடந்திருக்கும். ஆனால் அதற்குமேல் எனக்குக் கண் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் கிடந்த ஆள் தெரியவில்லை. புரை கிழியாமல் முழுசாக வந்தது. தைத்துக் கட்டுப் போட்டபிறகுதான் அவன் யார் என்பது மறுபடி உறைத்தது. பள்ளிக்கூடத்துக் குழாயடியில் போய் நின்று அழுதேன். உனக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்றுதான் அழுதேன். போடிக்கு வர முகமில்லாமல் அப்படியே மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

போன சனிக்கிழமை கண்ணாடி எழுதிக் கொடுப்பதற்காக மறுபடி தேனிக்குப் போனோம். புரை எடுத்த கண்ணுக்குப் பருமனான கண்ணாடி போட்டால்தான் உருவம் பிடிபடும், இல்லையென்றால் எல்லாம் புகைமூட்டம்தான். எழுதும் முன் கண்ணுக்குள் விளக்கடித்து உள்ளே பின்பக்கத்துத் திரையைப் பார்ப்பது முறை. புரை மூடியிருந்தவரை அதைப் பார்க்க வழியில்லை. இப்போது நான் எடுத்துவிட்டேன் அல்லவா, பளிச்சென்று தெரிந்தது. திரை ஓரமெல்லாம் சிலந்திக் கால் மாதிரிக் கறுப்புத் திட்டுகள். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். அது பிறவி நோய், அக்கா. சின்ன வயதிலேயே ராத்திரிப் பார்வை போய்விடும்.

விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் குரலை மாற்றாமல் கேட்டேன், இருட்டில் கண் தெரியுமா என்று. நினைவு தெரிந்த நாளிலிருந்தே தெரியாதாம். ஈரல் சுட்டுக் கொடுத்துப் பார்த்தார்களாம், முருங்கைக் கீரை கொடுத்தார்களாம், கேட்கவில்லையாம். பெண் தரமாட்டார்கள், வியாபாரத்தில் ஏய்ப்பார்கள் என்று வெளியே சொல்லாமலே ஓட்டிவிட்டானாம். விளக்கு வைக்கும் முன்பே கடையைப் பூட்டிவிட்டுப் போவானே, சாமி கும்பிடப் போகிறார் என்று பஜாரே மெச்சுமே, அது இதற்குத்தான்.

"அப்ப கிட்டங்கி எரிஞ்ச அன்னைக்கு எங்கப்பாவ எப்படிப் பாத்தீக?" என்றேன்.

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "நீ வைகுண்டராஜு மகளா?"

"ஆமா."

"பாக்கல தாயி. நெருப்பு எழும்புனப்புறம் வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சது." பக்கத்தில் நின்ற தங்கபாண்டியைக் கையால் துழாவினான். "இவன்தான் உள்ள பீடி குடிச்சிட்டு அணைக்காமப் போட்டுட்டு வந்துட்டான். மீச மொளைக்காத பய. போலீசு வந்து யாரையாச்சும் பாத்தியான்னு கேட்டாக. இவனக் காட்டிக் குடுக்க மனசு வரல. எனக்கும் உங்கப்பாவுக்கும் ஏலக்கா ஏலத்துல போட்டி இருந்துச்சு. அந்தப் பேருதான் வாயில வந்துச்சு."

தங்கபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எல்லாம் தெரியும், அக்கா. அத்தனை வருஷமும் தெரியும்.

கண்ணாடிச் சீட்டை எழுதினேன், ஆனால் கொடுக்கவில்லை. "போடிக்குப் போங்க. பட்டப்பகல்ல, பஜார்ல, எங்கக்கா முன்னால நின்னு இதச் சொல்லுங்க. அப்புறம் தாரேன்" என்றேன். டாக்டர் செய்யக்கூடாத காரியம். தெரிந்தேதான் செய்தேன். இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்து, இருக்கிற பார்வையும் சில வருஷத்தில் போய்விடும்.

வருவானா தெரியாது. வந்தால் எழுது.

கிருபா


போடி
3.5.1976

கிருபாவுக்கு,

வந்தான். பகல் கூட்டத்தில், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நம் கடைக்கு எதிரே நடுத்தெருவில் நின்றான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எதிர்வரிசைக் கடைக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். அப்பாவோடு ஏலத்துக்குப் போய்வந்த அய்யாத்துரை அண்ணாச்சியும் இருந்தார். ஒன்று விடாமல் சொன்னான். காவல்காரர் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மிவிட்டது. தங்கபாண்டி நிமிரவே இல்லை.

முடித்துவிட்டுக் கும்பிட்டான். கண்ணாடி இல்லாததால் நான் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைத் தூணைப் பார்த்துக் கும்பிட்டான். நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றேன். நகர்ந்து போய் அவன் முன்னால் நிற்கவில்லை. தூணையே கும்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவும் இல்லை.

அய்யாத்துரை அண்ணாச்சி கடைக்குள் வந்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

நீ செய்ய மறுத்ததை இப்போது சுலபமாகச் செய்யலாம். கத்தி வேண்டாம். கண்ணாடியைக் கொடுக்காதே. சீட்டைக் கிழித்துப் போட்டுவிடு. புகைக்குள்ளேயே கிடந்து சாகட்டும்.

அக்கா


மதுரை
8.5.1976

அக்கா,

உன் கடிதம் வரும் முன்பே தங்கபாண்டி மதுரைக்கு வந்து சீட்டை வாங்கிப் போய்விட்டான். உன் கடிதம் முந்தி வந்திருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இருட்டு அவனுக்குப் புதுசில்லை. பிறந்ததிலிருந்து அதற்குள்தான் ஒளிந்து பிழைத்தான். தூணைக் கும்பிட்டுவிட்டுப் போவது அவனுக்குச் சுலபம், அக்கா. உன் முகத்தை அவன் பார்க்க வேண்டும். பஜாரில் எவன் எவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு என் கை எடுத்த புரை, என் கை எழுதிய கண்ணாடி. இருக்கிற நாள்வரை பார்க்கட்டும்.

சீட்டைப் பிடித்துவைத்தமாதிரி இனி எந்த நோயாளியிடமும் செய்யமாட்டேன். அவனிடம் செய்ததற்கு வருத்தமில்லை.

நீ எழுதாமல் இருந்தாலும் நான் எழுதுவேன்.

கிருபா


போடி
9.9.1976

என் கிருபாவுக்கு,

நீ போட்ட கடிதம் எல்லாம் வந்தது. பதில் போடாததற்குக் காரணம் உனக்கே தெரியும். என் பேச்சை நீ கேட்கவில்லை. நேற்றுவரை அந்தக் கோபம் இருந்தது.

கடைக்குப் போர்டு மாட்டியிருக்கிறேன். இத்தனை நாள் பேரே இல்லாத கடை. இப்போது 'வைகுண்டராஜ் ஸ்டோர்' என்று ஆள் உயர எழுத்தில் எழுதச் சொன்னேன். அய்யாத்துரை அண்ணாச்சி வந்து திறந்துவைத்தார்.

தங்கபாண்டி குமுளிப் பக்கம் போய்விட்டான், அங்கேயே தோட்டத்தில் வேலையாம். சங்கரலிங்கம் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு தனியாக நடக்கிறான். ஏலக்காய்க் கடைகளில் அவன் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அவன் வீட்டுக்கு நம் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் வரும் நேரம் பார்த்து நான் வாசலில் வந்து நிற்பேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டு போனான். நான் விடவில்லை. தினமும் நின்றேன்.

நேற்று அவனே நின்றான். போர்டை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தான். "ஒங்கப்பா சாடை அப்படியே இருக்கு" என்றான். மற்றக் கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம், ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தடுமாறுகிறதாம். உன்னிடம் வந்தால் செய்வாயா என்று உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னான். வேறு டாக்டரிடம் போக மனசில்லையாம்.

போ, செய்வாள் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் வருவான். இந்தக் கண்ணையும் நன்றாகச் செய், கிருபா. அவனுக்கு ரெண்டு கண்ணும் வேண்டும்.

உன் அக்கா,
சுகிர்தம்