நீ கையெழுத்திட்ட வெற்றுப் படிவம்

தோழி,

இன்று காலை அலுவலக இழுப்பறையில் குண்டூசி டப்பாவைத் தேடினேன். உன் கையெழுத்து அகப்பட்டது. நிலப் பயன்பாட்டுக் கள ஆய்வுப் படிவம். மேலே ஒரு கட்டமும் நிரப்பப்படவில்லை. கீழே மட்டும் உன் பெயர், கடைசி எழுத்தில் வழக்கமான அந்த நீண்ட வாலோடு. பதினொரு மணிக்கு ஆட்சேபணை விசாரணை.

நகரத் திட்டப் பிரிவின் விதிப்படி ஒவ்வோர் இடத்தையும் நாம் இருவரும் நேரில் பார்த்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நாம்தான் கெட்டிக்காரிகள் ஆயிற்றே! மயிலாப்பூர் குளத்தருகே காபி குடித்துக்கொண்டே ஒரு கட்டுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு, தெருக்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். "நீ பாத்தா இன்னா, நான் பாத்தா இன்னா?" என்பாய்.

அடையாறில் கால்வாய் ஓரத்துத் திடல் என் பங்குக்கு வந்தது. கத்திரி வெயில், மணி ஒன்று. வெடித்த மண், சுவரோர நிழலில் இரண்டு நாய்கள், வலையில்லாத இரண்டு கம்பங்கள். பூங்கா, விளையாட்டிடம், காலி நிலம் என்றிருந்த கட்டங்களில் 'காலி நில'த்துக்கு டிக் அடித்துவிட்டு இளநீர் தேடிப் போனேன்.

மறுநாள் நீ அந்தப் படிவத்தைப் பார்த்தாய்.

"எத்தினி மணிக்குப் போன?"

"ஒரு மணிக்கு."

"அடியே, மத்தியானத்துல மைதானத்தப் பாத்துட்டு காலின்னு எழுதுவியா? நாம ஆபீசுல இருக்கசொல்ல உன் வூட்டப் பாத்தா அதுவுந்தான் காலியா கீது. எழுதிடலாமா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சாயந்திரம் போய்ப் பாத்து மாத்து. அதுல என் கையெழுத்தும் கீது."

மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றவில்லை. அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாளில் நீ இல்லை. படிவம் கட்டோடு கட்டாக மேலே போய்விட்டது. துக்கத்தில் மறந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லலாம். உன்னிடம் என்ன மறைப்பது? சோம்பல்தான்.

நகரத் திட்டத்தின் வரைவு வரைபடம் வந்தபோது அந்தத் திடல் விளையாட்டிடங்களுக்கான பச்சையில் இல்லை. வீடு கட்டலாம் என்கிற மஞ்சளில் இருந்தது. தெருக்காரர்கள் ஆட்சேபணை கொடுத்தார்கள். இன்று கடைசி விசாரணை.

அந்த நேரத்தில்தான் உன் வெற்றுப் படிவம் கையில் வந்து விழுகிறது. 'விளையாட்டிடம்' என்று நிரப்பி, பழையதை உருவிவிட்டு இதைச் செருகினால் போதும். கோப்பு என் மேசைமேல்தான் இருந்தது. திடலும் பிழைக்கும், நானும் தப்பிப்பேன். பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். அதுல என் கையெழுத்தும் கீது என்று நீ சொன்னது காதுக்குள் கேட்டது. மூடிவிட்டேன்.

விசாரணையில் மீன் விற்கும் ஓர் அம்மா எழுந்தார். "காலியா? யாருய்யா சொன்னது? என் பொண்ணு தெனம் அங்கதான் ஓடுது. வேற எங்க போவும், மவுண்ட் ரோட்லயா ஓடும்? வந்து பாத்தீங்களா நீங்க?"

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "ரெண்டு பேர் நேர்ல பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்களேம்மா." பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "இதுல ஒருத்தர் இறந்துட்டாங்க இல்ல? அவங்க பாத்ததுன்னு குறிச்சுக்கட்டுமா? உங்களுக்குச் சிக்கல் வராது" என்றார்.

நல்லெண்ணத்தில்தான் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரம் அவர்மேல் இல்லை. எழுந்து நின்றேன்.

"நான்தான் சார் பாத்தேன். தனியா. மத்தியானம் ஒரு மணிக்கு. அவங்க மாத்தச் சொன்னாங்க. நான் மாத்தல."

முன்கூட்டியே கையெழுத்துப் போடும் நம் சாமர்த்தியத்தையும் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு, உன்னையும் கொஞ்சம் மாட்டிவிட்டேன்.

மறு ஆய்வுக்கு உத்தரவானது. எனக்கு மெமோ வரும். வாசலில் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மணி வெயில்ல எந்தப் பைத்தியம்மா வெளையாடும்?"

மாலை ஐந்தரைக்குத் திடலுக்குப் போனேன். கம்பங்களில் வலை ஏறியிருந்தது. யாரோ தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்டி, ஆட்டம் முடிந்ததும் கழற்றி எடுத்துப் போகிறார்களாம். விட்டுவைத்தால் திருட்டுப் போய்விடுமாம். சுவரோரமாக நடை போகும் பெண்கள் என்னை ஒதுங்கச் சொன்னார்கள். செருப்பில்லாமல் ஒரு பெண் திடலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். அவள்தான் மீன்காரம்மாவின் மகளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திடல் பச்சையாகுமா என்று தெரியாது. மறு ஆய்வு வேறு இருவர் கையில். பகலில் பார்த்த இடங்களுக்கெல்லாம் இனி சாயங்காலமும் போவேன், அது ஒன்றுதான் என்னால் ஆகக்கூடியது. உன் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நான் பார்த்தால் நீ பார்த்த மாதிரி என்று நம்பிப் போட்ட கையெழுத்து அது. அதற்கு மேலே ஒரு வார்த்தை எழுத எனக்கு இன்னும் தகுதி வரவில்லை.