கட்டையை எடுக்கச் சொன்ன கை

மச்சான், முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நீ போன பிறகு உன் லாக்கரைக் காலி செய்ய ஆபீஸிலிருந்து ஆள் வந்தபோது சட்டை இருந்தது, பூட்ஸ் இருந்தது, காது மூடி மட்டும் இல்லை. "எங்கப்பா போச்சு அது?" என்று சூப்பர்வைசர் கேட்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினேன். என் பைக்குள், தயிர் சாத டப்பாவுக்குப் பக்கத்தில், அது பத்திரமாக இருந்தது.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று. காலை ஷிப்ட் முடிந்து வந்தால், மதியம் அதை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். விமான இரைச்சலுக்குச் செய்த சாமான் அது. மாங்காட்டில் ஃபேனுக்குக் கீழே பாயில் படுத்திருப்பவனுக்கு எதற்கு? தன் பேச்சு காதில் விழக்கூடாது என்றுதான் மாட்டுகிறேன் என்கிறாள் என் வீட்டுக்காரி. அதிலும் பொய் இல்லை. ஆனால் அந்த மூடியின் பஞ்சில் உன் தேங்காயெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அதற்கு மேலே விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெயின் மண்ணெண்ணெய் நாற்றம். இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது, ஜன்னல் திரை தண்ணீருக்குள் ஆடுவதுபோல ஆடுகிறது. கண் சொருகும் நேரத்தில், விமானத்தின் வயிற்றுக் கதவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டு நீ கை காட்டுகிறாய்.

இருபத்தாறு வருஷம் நாம் அப்படித்தானே இருந்தோம். நீ உள்ளே குனிந்து பெட்டிகளை அடுக்குவாய், நான் கீழே நின்று பெல்ட்டில் ஏற்றுவேன். அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையில்லை. எல்லாம் கைதான். தலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்கே பிடித்தால் நில். இரண்டு முஷ்டியை நீட்டி, கட்டை விரல்களை உள்பக்கமாகக் காட்டினால் சக்கரத்துக்குக் கட்டை வை. வெளிப்பக்கமாகக் காட்டினால் கட்டையை எடு, வண்டி கிளம்புகிறது. இவை கம்பெனி சொல்லிக் கொடுத்தவை. காது மடலை இழுத்தால் சூப்பர்வைசர் வருகிறார், முஷ்டியை வாயருகே சாய்த்தால் டீ, கன்னத்தில் கை வைத்தால் 'இன்னிக்கும் லேட்டா, உருப்படுவியா நீ?' இவை நாம் சேர்த்துக்கொண்டவை.

என் லீவு லெட்டர் எல்லாம் நீதான் எழுதுவாய். நான் அஞ்சாவது, நீ எட்டாவது. மூன்று வகுப்பு மேலே என்ற மிதப்பு உனக்குக் கடைசி வரை இருந்தது. கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் நீ எழுதுகிற காரணம் ஒன்றே ஒன்று: வாந்தி பேதி. "பிழையில்லாம எனுக்கு வர்றது அது ஒண்ணுதான் மாமே" என்பாய். சூப்பர்வைசர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாதுளம்பழத் தோலைக் காய வைத்துப் பொடி பண்ணிச் சாப்பிடச் சொன்னார்.

போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நாம் வருஷக்கணக்கில் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த வி.ஆர்.எஸ். நிஜமாகவே வந்துவிட்டது. விருப்ப ஓய்வு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். யாருடைய விருப்பம் என்று மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னும் ஆறு வருஷம் இந்த முட்டியோடும் இடுப்போடும் பெட்டி தூக்கலாம்.

"எடுத்துக்கினு ஊட்ல குந்து. முட்டி தேஞ்சி போச்சு" என்றாள் என் வீட்டுக்காரி திங்கட்கிழமை.

"குந்துறேன்."

"குந்தி? நாள் பூரா என் உசுர வாங்குவ. வாணா, வேலைக்கே போ" என்றாள் செவ்வாய்க்கிழமை.

எனக்கு முட்டி பயம் இல்லை மச்சான், சாப்பாட்டு பயமும் இல்லை. என் பயம் வேறு. உன் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டால், "கான்ட்ராக்ட்ல புதுசா வந்தவன் நானு, தெரியாதுண்ணே" என்கிறான் இப்போது உன் இடத்தில் விமானத்தின் வயிற்றுக்குள் இருப்பவன். நல்ல பையன்கள்தான். நான் காது மடலை இழுத்தால், "காது வலிக்குதாண்ணே?" என்று கேட்கிறார்கள். அங்கேயே நிலைமை இப்படி. வாசலைத் தாண்டிவிட்டால், என் கை சொல்வது புரிகிற ஆள் இந்தப் பூமியில் ஒருவர்கூட இருக்கமாட்டார். கை ஊமையாகிவிடும். இதை யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால் சிரிப்பாள்.

உன்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? காலை ஷிப்ட் முடிந்து நாம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்த சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. தண்ணீர் முழுக்க வெயில் மஞ்சளாகக் கிடக்கும். தூரத்தில் ஒரு விமானம் நமக்கு நேராகத் திரும்பும்போது, கொஞ்ச நேரம் அது நகராததுபோலவே இருக்கும். அப்போது நீ எழுந்து நின்று, தலைக்கு மேலே கையைக் குறுக்கே பிடிப்பாய். "பாத்தியா மாமே, நிக்கிது." நிஜமாகவே நிற்கும். விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டு, ஆகாயத்தில் ஆணி அடித்து மாட்டியதுபோல. கொக்குகூட அசையாது. பிறகு நீ கையை இறக்குவாய், அதுவும் இறங்கும். "போய்ட்டு போவுது, பாவம். உள்ள இருக்கறவனுக்கு இன்னா அவசரமோ."

அங்கேதான் ஒருநாள் கேட்டேன், "வி.ஆர்.எஸ். வந்தா இன்னா பண்ணுவ மச்சான்?"

"நான் இன்னாத்த பண்றது? கட்டைய எடுன்னு உள்ள குந்திகினு கீறவன் சொல்லணும். வெளிய நிக்கிறவன் சொல்லி எந்த ஃப்ளைட்டும் கிளம்பாது."

அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது வாயில் மாஸ்க் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உன் கண் சிரித்தது. மெதுவாக இரண்டு முஷ்டியையும் தூக்கி, கட்டை விரல்களை வெளிப்பக்கமாகக் காட்டினாய். கட்டையை எடு. இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாக எழுந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். எடுத்தாச்சு, போகலாம். மறுநாள் விடியும்போது நீ போய்விட்டாய். வழியனுப்பியவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். உன் காரியத்துக்குப் பிறகு பூந்தமல்லியில் உன் வீட்டுப் பக்கம் நான் போகாததற்குக் காரணம் அந்த ஒரு விரல்தான்.

புதன்கிழமை போனேன். வி.ஆர்.எஸ். காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, உன் வீட்டுக்காரியின் முன்னால் போய் நின்றேன். "ஒரு வருஷமா எங்கண்ணே போன?" என்று கேட்டாள். நாற்காலியில் உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ காட்டியது, நான் காட்டியது, எல்லாம்.

தங்கச்சி முதலில் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகையும் அதில் இருந்தது.

"அய்யோ அண்ணே, அது தலகாணிண்ணே! பொரண்டு வுழக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் தலகாணிய சொருகி வச்சிருந்தாங்க நர்ஸம்மா. வேர்க்குது, எடு எடுன்னு காலைலேர்ந்து அதே கையி. நான் எடுப்பேன், அவங்க வந்து வைப்பாங்க. நீ வந்தா எடுப்பன்னு பாத்துகினு இருந்தாரு. நீ இன்னாடான்னா வெரல தூக்கி காட்டிட்டு வந்துட்ட."

நான் உட்கார்ந்தேன். அடப்பாவி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்ததை எடுக்கச் சொல்லியிருக்கிறாய். கம்பெனி சொல்லிக் கொடுத்தபடி, ஒரு பிசகும் இல்லாமல் காட்டியிருக்கிறாய். அதற்குள் தத்துவம் தேடியவன் நான்.

"உனுக்கு எப்படிம்மா அந்த கை தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாம? ஊட்டுக்கு வந்தா அவரு வாயத் தொறந்தாரா? எல்லாம் கைதான். எங்கம்மா வந்தா காத இழுப்பாரு."

சொல்லிவிட்டு உள்ளே போனவள், அடுப்படி வாசலில் நின்று திரும்பி, முஷ்டியை வாயருகே சாய்த்துக் காட்டினாள். நான் தலையாட்டினேன். டீ வந்தது. உன் வீட்டில் இன்னமும் சர்க்கரை அதிகம்.

அந்த டீயைக் குடிக்கும்போதுதான் மச்சான், என் முஷ்டி அவிழ்ந்தது. நீ அந்தக் கைப்பேச்சை விமான நிலைய வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. பேருந்தில், ஏரிக்கரையில், அடுப்படி வரைக்கும் கையோடு கொண்டு வந்திருக்கிறாய். நான்தான் அது கம்பெனிச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன், காது மூடியை மாத்திரம் திருடிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை படிவத்தை நானே நிரப்பினேன். 'காரணம்' என்ற இடம் வந்ததும், உன் பழைய காரணத்தையே எழுதிவிடலாமா என்று பேனா துறுதுறுத்தது. எழுதவில்லை. 'என் விருப்பம்' என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகு படித்துப் பார்த்தேன், உண்மையாகத்தான் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் சொல்லிவிட்டான். வெளியே வந்து, ஓடுபாதையைப் பார்த்து, யாருக்கும் இல்லாமல் இரண்டு கட்டை விரலையும் வெளிப்பக்கமாகக் காட்டினேன்.

இனி என்னிடம் மிச்சம் இருப்பது இந்த இரண்டு கையும், இவை பேசுகிற பேச்சும். என் வீட்டுக்காரிக்கு டீ கேட்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. அவள் பதிலுக்கு ஒரு கை காட்டினாள். அது கம்பெனியும் சொல்லித் தராதது, நாமும் சேர்க்காதது. நீயே போட்டுக்கோ என்று அர்த்தமாம்.

இன்று மதியம் உன் காது மூடியோடு தூங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி தோளை உலுக்கி எழுப்பி, வாசலைக் காட்டினாள். தண்ணீர் லாரி வந்திருந்தது. தொட்டியருகே வர அதைப் பின்பக்கமாக உள்ளே எடுக்க வேண்டும். வாசலில் போய் நின்று இரண்டு கையாலும் வா வா என்று காட்டினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, காட்டியபடியே வந்தார். போதும் என்ற இடத்தில், தலைக்கு மேலே கையைக் குறுக்கே பிடித்தேன். விமான நிலையத்தில் அதற்கு நில் என்று அர்த்தம். மாங்காட்டில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. லாரி வந்துகொண்டே இருந்தது, கேட்டின் இடது பக்கத் தூண் விழுந்தது. காது மூடி என் தலையில்தான் இருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.