ரயிலில் வா, அக்கா

பம்பாய், 1992

அன்புள்ள அக்கா,

வெள்ளிக்கிழமை விமானத்தில் வராதே. "எந்தம்பி ஓட்டுற பிளேன்ல குந்திகினு போவப் போறேன்" என்று தெரு முழுக்கச் சொல்லியிருப்பாய். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு வருடமாகப் புது விமானம் ஓட்டினேன். வேகம் குறைந்தால் கம்ப்யூட்டரே கூட்டிவிடும். இப்போது ஆள் பற்றவில்லையென்று, முள் பார்த்து ஓட்டும் பழைய விமானத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அதில் எல்லாம் கையால்தான்.

நேற்று நம் ஊர் அனகாபுத்தூருக்கு மேலே இறங்கும்போது வேகமுள் சரிந்தது. தானாக ஏறும் என்று என் கை சும்மா இருந்தது. "சார், ஸ்பீடு!" என்று கோ-பைலட் கத்திய பிறகுதான் வேகம் கூட்டும் கைப்பிடியைத் தள்ளினேன். நீ மொட்டைமாடியில் நின்று கையாட்டியிருப்பாய்.

அவனும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ ரயிலில் வா. வெள்ளிக்கிழமை விமானம் வழக்கம்போல நூறு பேரோடு கிளம்பும். ஓட்டப்போவது நான்தான்.

உன் தம்பி