அடித்துவிட்ட கோடு

என்னங்க,

சாப்பாடு அடுப்புமேல இருக்கு. நான் பேட்டரி வாங்கக் கடைக்குப் போறேன். மேஜையில இருக்கற பழைய லிஃப்டோட சர்க்யூட் போர்டை மட்டும் நகர்த்தாதீங்க. நாலு நாளா தரையில உக்காந்து சாப்பிடறீங்க, கோபம் நியாயம்தான்.

ஆனா கேளுங்க. அதுல கரண்ட் ஓடற ஒவ்வொரு செம்புக் கோட்டையும் தாள்ல வரைஞ்சேன். ஒண்ணு மட்டும் எதுக்குன்னே புரியல. செஞ்சவரோட தப்புன்னு அடிச்சுட்டேன். இன்னைக்குத்தான் புரிஞ்சுது! கரண்ட் போனா, பேட்டரியில லிஃப்டை அடுத்த மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்துவிடற கோடு அது. நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே, முன்பின் தெரியாத ஒருத்தர், நாம உள்ளே மாட்டிக்கக்கூடாதுன்னு நினைச்சிருக்காரு!

பி.கு.: போர்டைத் தூக்கிப் போட்டுட்டீங்கன்னு காலையில கத்தினேன். துணிக்கு அடியிலதான் இருந்துது. "தூசி படாம அப்பாதாம்மா மூடி வச்சாரு"ன்னு மக இப்பதான் சொன்னா. அதையும் தப்புன்னு அடிச்சுட்டேன்.