மாதா வேடத்தில் இசக்கி

இசக்கியின் அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம்.

நேற்று பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம். நம் இசக்கிதான் மாதா. என் நீலச் சேலையை வெட்டி அவளுக்கு முக்காடு தைத்தேன்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளை பேரையே மாத்திருவாவ" என்று கோபித்துக்கொண்டுதானே இதே மும்பையில், முலுண்டில் இருக்கும் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனீர்கள்? ஒத்திகையின்போது நானே சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன்.

"மேடையில எம்புள்ளைய வேற பேரு சொல்லிக் கூப்பிடுவியளா?"

சிஸ்டர் சிரித்தார். "நீங்க வச்ச பேரும்மா. நான் எதுக்கு மாத்தணும்?"

நாடகம் முடிந்ததும் மைக்கில், "மாதாவாக நடித்தவர் இசக்கிப்ரியா பூதத்தான்" என்று உங்கள் பேரையும் சேர்த்தே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் அப்பாக்கள் உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொங்கலுக்குப் பள்ளி முற்றத்தில் பானை வைக்கலாமா என்று அம்மாக்கள் கேட்டோம். சிஸ்டர் சந்தோஷமாகச் சம்மதித்தார். கரும்புக்கு யார் பொறுப்பு என்று பேச்சு வந்தது.

"இசக்கி அப்பா தாதர் மார்க்கெட்ல வாங்கிட்டு வந்திருவாவ" என்று சொல்லிவிட்டேன். இசக்கி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கரும்பை முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி