மேட்னியில் நானும் உன் மகளும்

என் உயிரான ஸ்டெல்லாக்கா,

போன மாதம் ஒரு படம் பார்த்தேன். நீ போன பிறகு தியேட்டருக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து கும்மிடிப்பூண்டி பஜாரில் இறங்கி, யூனிபார்ம் மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நாம் ஓடுவோமே, அதே தியேட்டர்தான். இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உன் மகள் ஜெனிபர்.

அவள்தான் கூப்பிட்டாள். அம்மாவும் நீங்களும் பார்ப்பீர்களே, அந்த மாதிரி ஒரு கொலைப் படம் வந்திருக்கிறது, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். காலேஜில் சேர்ந்துவிட்டாள், தெரியுமா? உன்னுடைய அந்த நீலக் கம்மலைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள்.

நமக்குப் பிடித்த ரகம், அக்கா. பாட்டு கிடையாது, காமெடி கிடையாது. ஓயாமல் மழை பெய்கிற ஒரு துறைமுக ஊர். லாட்ஜ் நடத்துகிற ஒருத்தி, அவள் மேல் ஆசை வைத்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர், கிணற்றில் ஒரு பிணம். நல்லவர் என்று படத்தில் ஒருத்தர் கூட இல்லை. கடைசியில் போலீஸ் வந்து எல்லாவற்றையும் சரி செய்கிற படமென்றால் உனக்கு ஆகாது. "அப்படி நம்ம கிட்ட யாரு வந்தா?" என்பாய்.

லாட்ஜ் மாடிப்படியில் அவள் இறங்கி வருகிறாள். ஜன்னல் கம்பியின் நிழல் முகத்தில் கோடு கோடாக விழுகிறது. பாதி முகம்தான் தெரிகிறது, அதில் சிரிப்பா பயமா என்று சொல்ல முடியவில்லை. தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ரசித்தேன். பாப்கார்னைத் தின்றுகொண்டு, கொன்றது யாராக இருக்கும் என்று ஜெனிபர் காதில் கிசுகிசுத்தேன். கொஞ்ச நேரம் உன்னை மறந்தும் போனேன்.

இடைவேளைக்குப் பிறகு அந்த சப்-இன்ஸ்பெக்டர் பிணத்தின் சட்டைப் பையில் ஒரு கடிதத்தைச் செருகுகிறான். செத்தவனே எழுதி வைத்த மாதிரி. அவ்வளவுதான் காட்சி. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அதற்கு மேல் எனக்குப் படம் ஓடவில்லை.

வெளியே வந்தால் கண்ணைக் குத்துகிற வெயில். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். ஜெனிபர் டம்ளரைத் தொடவேயில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா அடிபட்ட அன்னிக்கு பத்து மணிக்கு அவங்களுக்கு நான் மெசேஜ் போட்டேன் சித்தி. ரெக்கார்டு நோட்டு வாங்கினு வான்னு. அதப் பாத்துக்கினு நடந்ததாலதான வண்டி இடிச்சுது? அப்பா கிட்ட கூட நான் இத சொல்லல."

எட்டு மாதமாக அந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள், அக்கா.

உனக்கு நடந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை இப்போது சொல்கிறேன். அந்த ஃபோர்க்லிஃப்டில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒரு வாரமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை போய்ச் சொன்னவளே நீதான். அது பின்னால் வந்து உன்னை இடித்தபோது உன் கையில் கிளவுஸைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ் போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உன் போனைக் கேட்டார். நம் இருவருக்கும் ஒரே லாக்கர்தானே. வீட்டுக்குச் சொல்லத்தான் கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நீ விழுந்த இடத்தில் கண்ணாடி உடைந்து கிடந்தது அந்தப் போன். ஒருத்தர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு பேப்பர் வந்தது. போனைப் பார்த்துக்கொண்டே நீ வண்டிக்குக் குறுக்கே நடந்தாய், நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தது. "உன் புருஷன் முதுகு ஒடிஞ்சி ஊட்ல படுத்துக்கினு கீறாரு. நீயும் வேல இல்லாம நிக்கப் போறியா?" என்று மேனேஜர் கேட்டார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதத்தில் என்னை பெர்மனென்ட் ஆக்கினார்கள்.

இது எல்லாவற்றையும் அந்த டீக்கடையில் வைத்து உன் மகளிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டாள்.

"அப்ப அம்மா என் மெசேஜ பாக்கவே இல்லியா?"

"இல்லம்மா. போன் லாக்கர்லதான் இருந்துச்சு."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் தோளில் கை வைக்கப் போனேன், தட்டிவிட்டாள். எழுந்து நின்று, "இத்தினி நாளும் எங்க ஊட்டுக்கு வந்து எங்க கூட குந்திக்கினு துன்னுட்டுப் போனீங்களே," என்று மட்டும் சொன்னாள். ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. நடந்ததை என் கையாலேயே மனுவாக எழுதி எடுத்துக்கொண்டு, திருவள்ளூரில் இருக்கிற தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸுக்கு பஸ் ஏறினேன். மனுவை வாங்கிய அதிகாரி இரண்டு தடவை படித்தார். பொய்க் கையெழுத்துப் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மேலும் கேஸ் வரலாம் என்றார். தெரியும் சார் என்றேன்.

அந்த வாரமே கம்பெனி கேட்டில் என்னை நிறுத்தி, இனி வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கத்தினார். நம் லைனில் வேலை செய்கிறவர்கள் யாரும் சாட்சிக்கு வர மாட்டேன் என்கிறார்கள். எந்த வாயால் அவர்களைக் கோபித்துக்கொள்வேன்? வண்டி ஓட்டிய பீகார் பையன் ஊருக்கே போய்விட்டானாம்.

உன் வீட்டுக்காரர் ஒரு நாள் வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே மனுவின் ஜெராக்ஸை வாங்கி, அங்கேயே படித்தார். "அவ போன பாத்துக்கினு நடக்கிறவ இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நீயே சொல்றியேன்னு நம்பிட்டேன்," என்றார்.

விசாரணைக்குத் தேதி போட்டிருக்கிறார்கள். நீ போன பிறகு போனையே தொடாமல் இருந்த ஜெனிபர், நேற்று எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள். 'நானும் அங்க வரேன்.' சித்தி என்று அதில் இல்லை.

அவள் வரட்டும். மேனேஜர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, உன் போனை யார் எடுத்தது, யார் கையில் கொடுத்தது, பிரேக்கைப் பற்றி நீ யாரிடம் போய்ச் சொன்னாய் என்று ஒன்று விடாமல் சொல்வேன். என்னை என்ன செய்தாலும், உன் மேல் தப்பு என்று எழுதிய அந்தப் பேப்பரை இனி யாரும் படிக்க விட மாட்டேன்.

இப்படிக் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படிப் போடுவதென்றும் தெரியவில்லை.

உன் தங்கச்சி,
மல்லிகா