திருமுடிவாக்கத்துத் தீமட்டை

திருமுடிவாக்கம்
18.1.2004

அன்பு மச்சான் வெற்றிவேலுக்கு,

காஜா எழுதுறேன். நானும் ருக்ஸானாவும் பொண்ணு அனமும் ஆண்டவன் புண்ணியத்துல சுகமா கீறோம். உன் சுகத்தைக் கேட்டு எழுதின ரெண்டு லெட்டருக்கும் பதில் இல்ல. மலையில தபால்காரர் கீறாரா, இல்ல அவரையும் கரடி தூக்கினு போயிடுச்சா?

சேதி இன்னான்னா, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஷெட்டு கைக்கு வந்துடுச்சு. சொந்த ஷெட்டு மச்சான். வெல்டிங் மெஷின் ரெண்டு, டிரில்லிங் மெஷின் ஒண்ணு இறக்கியாச்சு. கேட்டு, கிரில், ஷெல்ஃப்னு ஆர்டர் வருது. வேலையை நான் பார்ப்பேன், ஆளுங்களை மேய்க்கறதும் ஆபீசருங்ககிட்ட பக்குவமா பேசறதும் உன்னாலதான் ஆவும். ஏப்ரல்ல வேலைய விட்டுட்டு வந்து பார்ட்னரா உக்காருவேன்னு பக்ரீத் பிரியாணி மேல சத்தியம் பண்ணியே, ஞாபகம் கீதா?

பெருங்களத்தூர்ல உன் கோகிலவாணி அக்கா நாலு ஜாதகம் எடுத்து வச்சினு காத்துனு கீது. ஜவ்வாது மலைல பாரஸ்ட் கார்டுன்னு சொன்னா எந்தப் பொண்ணு வூட்லயும் காபியோட நிறுத்திக்கறாங்களாம். ஷெட்டுல பார்ட்னர்னா பலகாரமே வருமாம்.

உடனே பதில் போடு.

உன்
காஜா


நெல்லிப்பட்டு, ஜவ்வாது மலை
9.2.2004

பிரியமுள்ள காஜாவுக்கு,

கரடி தபால்காரரை ஒன்றும் செய்யவில்லை. சோம்பேறித்தனம் என்னுடையதுதான். சொந்த ஷெட்டு என்று படித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ருக்ஸானா தங்கச்சிக்கு என் வாழ்த்தைச் சொல்.

இங்கே தீக்காலம் ஆரம்பித்துவிட்டது. புல் எல்லாம் காய்ந்து, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தீ வந்தால் தாண்டாமல் இருக்க, காட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் தரையாக விடுகிறோம். ஏழு கிலோமீட்டர் எல்லைக்கு நானும் இரண்டு வாட்சர்களும். ஊரில் இருந்து யாரும் வருவதில்லை.

அதற்குக் காரணம் நான்தான். போன வருஷம் தீப்பிடித்தபோது முனியம்மா என்கிற அம்மாவின் புருஷன் சடையன் அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் வைத்தார் என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அவர் வைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து நான் தெருவில் போனால் முனியம்மா கதவைச் சாத்திக்கொள்வார்.

ஏப்ரலில் வருகிறேன். இந்த மலைக்கும் அது நல்லதுதான்.

ஓர் உதவி வேண்டும். தீயை நாங்கள் பச்சைக் கிளையால் அடிக்கிறோம். ஐந்து நிமிஷத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாகிவிடுகிறது. நீளமான பைப்பின் நுனியில், லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குமே, அந்த ரப்பரைப் பூட்டினால் எப்படி இருக்கும்? அதை மேலே வைத்து அமுக்கினால் காற்று போகாமல் தீ அடங்கும். படம் வரைந்து வைத்திருக்கிறேன். யானை மாதிரி இருந்தால் சிரிக்காதே.

அன்புடன்,
வெற்றிவேல்


திருமுடிவாக்கம்
27.2.2004

மச்சானுக்கு,

படம் யானை மாதிரி இல்ல, ஈ அடிக்கற மட்டை மாதிரி கீது. அதனால இங்க எல்லாரும் தீமட்டைன்னே பேர் வச்சுட்டாங்க. பத்து பண்ணிட்டேன்.

சும்மா அனுப்பக் கூடாதுன்னு ஷெட்டுக்குப் பின்னால சருகைக் குவிச்சு டெஸ்ட் பண்ணேன். மொத அடியிலயே ஆணி தெறிச்சு ரப்பர் பறந்து போய் பக்கத்து லேத் பட்டறை பக்தவச்சலம் சார் டிபன் கேரியர் மேல விழுந்துச்சு. அவரு புகையைப் பார்த்துட்டு ஏற்கெனவே தாம்பரம் ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணிட்டாரு. வண்டி மணி அடிச்சினு வந்து நின்னப்ப, கருகின லுங்கியோட நான் நிக்கிறேன். ஒரே பேஜாராப் போச்சு.

ஆனா அதுவும் நல்லதுக்குத்தான். வண்டியில வந்த ஆபீசர் ஜீவரத்தினம்னு ஒருத்தர், திட்டி முடிச்சிட்டு மட்டையை வாங்கிப் பார்த்தாரு. வண்டலூர் மலைப் பக்கம் புல்லு எரியறப்ப அவங்களும் கிளையாலதான் அடிக்கறாங்களாம். ஆணி வேணாம், ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வச்சு போல்ட் போடு, ஓங்கி அடிச்சா பொறி பறக்கும், வச்சு அமுக்கச் சொல்லுன்னாரு. அப்படியே மாத்திப் பத்தையும் போளூர் பஸ் மேல ஏத்தி அனுப்பிட்டேன்.

சடையன் சமாசாரம் படிச்சேன். தப்புன்னு தெரிஞ்சப்புறம் அவர்கிட்ட போய்ச் சொன்னியா? நீ எழுதல. சொல்லலன்னு நினைக்கறேன்.

ஏப்ரல் ஒண்ணாம் தேதி ஏமாத்தற நாளு. ரெண்டாம் தேதி வா.

காஜா


நெல்லிப்பட்டு
30.3.2004

அன்பு காஜா,

உன் மட்டைகள் வந்தன. ஆறு நாளுக்கு முன்னால் தீயும் வந்தது.

பகல் பதினொரு மணிக்குத் தெற்குச் சரிவில் புகை. யார் வைத்தது, எப்படிப் பிடித்தது என்று இதுவரை தெரியாது. இந்த முறை நான் யார் பெயரையும் எழுதவில்லை. காற்று ஏறியதும் தீ இரண்டாகப் பிரிந்தது. ஒன்று டிபார்ட்மென்ட் தேக்கு பிளாண்டேஷன் பக்கம், இன்னொன்று ஊர்ப் புளியந்தோப்புப் பக்கம். பிளாண்டேஷனை முதலில் பார் என்பதுதான் மேலிடத்து உத்தரவு. ஆனால் தோப்பில் நூற்று நாற்பது மரம், எல்லாவற்றிலும் காய் பழுத்து உலுக்கக் காத்திருக்கிறது. அந்தப் புளிதான் ஊரின் ஒரு வருஷச் சாப்பாடு. மட்டைகளைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கு ஓடினேன்.

அங்கே முனியம்மாவும் ஏழெட்டுப் பெண்களும் கிளைகளோடு நின்றார்கள். ஒரு மட்டையை நீட்டினேன். அவர் வாங்காமல் என்னைப் பார்த்து, "இதுக்கும் கேஸ் போடுவியா?" என்று கேட்டார்.

"போன வருஷம் போட்டதே தப்பும்மா. நான்தான் தப்பு" என்றேன்.

அவர் மட்டையை வாங்கிக்கொண்டார். பைப் அவருக்கு ரொம்ப நீளம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டே இரண்டு மணி நேரம் அமுக்கினார். மூங்கில் வெடிக்கிற சத்தத்தில் யார் கத்துவதும் கேட்கவில்லை. ஒன்பது மரம் போயிற்று, மற்றது தப்பியது. நான் பிளாண்டேஷனுக்குக் கிளம்பியபோது யாரும் கூப்பிடாமலே ஊரே பின்னால் வந்தது. சடையனும் வந்தார். தேக்கில் பாதியைக் காப்பாற்றினோம்.

கூரைக்கு வைத்திருந்த புல், நெல்லி மரங்கள், பாறைத் தேன் எல்லாம் போய்விட்டன. நான்கு வீடுகள் எரிந்தன. உயிருக்கு ஒன்றும் இல்லை. என் பாதத்தில் கொஞ்சம் கொப்புளம், அக்காவிடம் சொல்லாதே. சில குடும்பங்கள் ஊரை விட்டுச் செங்கல் சூளை வேலைக்குப் போகலாமா என்று பேசிக்கொள்கிறார்கள்.

பிளாண்டேஷனை ஏன் விட்டாய் என்று எனக்கு மெமோ வந்திருக்கிறது. பதில் கொடுக்காமல் கிளம்பினால் ஓடிவிட்டான் என்பார்கள். ஏப்ரல் முடியாது காஜா. மே மாசம் பார்க்கலாம்.

வெற்றிவேல்


திருமுடிவாக்கம்
8.4.2004

வெற்றிக்கு,

உன் லெட்டரைப் படிச்சு சந்தோஷமும் பட்டேன், கோவமும் பட்டேன். ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா மனுசன் இன்னா பண்ணுவான்? ஒரு கேட்டை தலைகீழா வெல்டு பண்ணிட்டேன்.

அக்கா ஷெட்டுக்கு வந்துச்சு. நான் மறைக்கறதுக்குள்ள லெட்டரை எடுத்துப் படிச்சிடுச்சு. கொப்புளத்துக்குக் கொஞ்ச நேரம் அழுதுச்சு. அப்புறம் கண்ணைத் துடைச்சினு சொல்லுது: "காஜா, அவன் வரமாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு வேணாம்னு சொல்ல வராது. அப்புறம் பார்க்கலாம்னுதான் சொல்லுவான்."

அப்படியா மச்சான்? இதை நீ என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. அடுத்த வாரம் சனிக்கிழமை நானும் அக்காவும் மலைக்கு வரோம். குட்டைப் பைப் போட்ட மட்டை இருபது கொண்டாரேன், பொம்பளைங்களுக்குத் தோதா. அக்கா வடாம் கொண்டாருது. தீக்கு அது உதவாதுன்னு சொல்லிப் பார்த்தேன்.

காஜா


திருமுடிவாக்கம்
3.5.2004

என் மச்சான் வெற்றிவேலுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தோம். வந்து ரெண்டு வாரம் எழுதாம இருந்தது கோவத்துல இல்ல. எப்படி எழுதறதுன்னு தெரியாம.

மெமோவுக்கு பதில் குடுக்க நீ ரேஞ்ச் ஆபீசுக்குக் கீழ போயிருந்த இல்ல, அந்த மதியானம் நடந்தது உனக்குத் தெரியாது. முனியம்மா வந்து என் முன்னால நின்னு, "நீதானா எங்க கார்டைக் கூட்டிட்டுப் போக வந்தவன்?"ன்னு கேட்டுச்சு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள வான்னு தோப்புக்குக் கூட்டினு போச்சு. மரமெல்லாம் முட்டி வரைக்கும் கறுப்பு, மேல பச்சை. சடையன் மரத்து மேல நின்னு உலுக்கறாரு, கீழ ஊரே உக்காந்து பொறுக்குது. செங்கல் சூளைக்குப் பேர் குடுத்திருந்த மூணு குடும்பமும் அங்கதான் கீது. இந்த வருஷம் போகலையாம்.

கார்டு தோப்பைக் காப்பாத்தினாரு, அதுக்கு அவரைத் தண்டிக்கக் கூடாதுன்னு ரேஞ்சருக்கு ஒரு மனு எழுதி வச்சிருந்தாங்க. மொத கைநாட்டு சடையன் வச்சது மச்சான். பதினோரு நாள் உள்ள இருந்த மனுசன்.

அப்புறம் முனியம்மா சொல்லிச்சு: "கார்டு கேஸ் போட்டப்ப மண்ணை வாரித் தூத்தினேன். இப்ப நீ கூட்டிட்டுப் போனா உனக்கும் தூத்துவேன்." மரத்து மேலேர்ந்து சடையன் சிரிச்சாரு. நம்ம அக்கா எந்தக் கட்சின்னு நினைக்கற? "அப்படித்தான் கேளும்மா"ன்னு சொல்லிட்டு, இந்த ஊர்ல என் தம்பிக்குப் பொண்ணு கீதான்னு அங்கயே விசாரிக்க ஆரம்பிச்சிடுச்சு.

சாயங்காலம் நீ வந்து, ஒரு வருஷ இன்க்ரிமென்ட்டைக் கட் பண்ணிட்டாங்கன்னு சொல்லிச் சிரிச்ச. உன்னைத் திட்டணும்னு மூணு பஸ் மாறி வந்தவன் நான். உன் மூஞ்சியைப் பார்த்தேன், திட்ட வாய் வரல. நீயும் கடைசி வரைக்கும் வரமாட்டேன்னு சொல்லல. பஸ் கிளம்பறப்ப கூட ஜன்னலைப் புடிச்சினு, "மழைக்கப்புறம் பார்க்கலாம்"னுதான் சொன்ன.

உன்னால சொல்ல முடியாது. அதனால நானே சொல்றேன். நீ வர வேணாம் மச்சான். எனக்கு வருத்தம் கீது, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஷெட்டைத் தொறக்கறப்ப தினம் கொஞ்சம் கீது. ஆனா அந்தத் தோப்பைப் பார்த்தப்புறம் உன்னைக் கூப்பிட எனக்கு மனசு வரல.

மழை முடிஞ்சதும் லீவு போட்டுகினு வா. ருக்ஸானா ஆக்கிப் போடுவா. நல்லா சாப்பிடு, அனமுக்குக் கரடிக் கதை சொல்லு, ரெண்டு நாள் தூங்கு. மூணாம் நாள் காலையில நானே உன்னை போளூர் பஸ்சுல ஏத்தி விடறேன்.

என்றும் உன்
காஜா